கொலம்போவின் முதல் வழக்கு: மனைவியைக் கொல்ல டாக்டர் போட்ட திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1968 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற குற்றக் கதை ஒளிபரப்பானது. விளம்பரங்களைக் கழித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். பீட்டர் ஃபாக் போலீஸ் துப்பறிவாளர் லெப்டினன்ட் கொலம்போவாக முதன்முதலில் வந்தது இதில்தான். பிற்பாடு 2003 வரை நீண்ட 69 கதைகளுக்கு இதுவே தொடக்கம். இதைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். ஆகவே இன்னும் பார்க்காதவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு மீதியைப் படிப்பது நல்லது.

கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்களாமே, அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்த வகைக் கதையில் கொலை நம் கண்முன்னே நடக்கும். செய்தவர் யார், எப்படிச் செய்தார், தடயத்தை எப்படி அழித்தார் எல்லாமே நமக்குத் தெரியும். போலீஸுக்கு மட்டும் தெரியாது. எங்கே கோட்டை விட்டிருக்கிறார் என்று நாமும் கொலைகாரரோடு சேர்ந்து தேடிக்கொண்டே இருப்போம். ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே புத்தகமாகச் செய்து காட்டிய உத்தி இது. தொலைக்காட்சியில் இதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது கொலம்போதான்.

ஒரு வசதியும் இதில் உண்டு. யார் கொலைகாரன் என்று மறைக்கும் கதையில் எல்லாப் பாத்திரங்களும் சந்தேகத்துக்குரிய முகத்தோடு சுற்ற வேண்டும். இங்கே அந்த வேலை இல்லாததால் இரண்டு பேருக்கு நடுவே நடக்கும் பேச்சை நிதானமாக எழுத இடம் கிடைக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ரே ஃப்ளெமிங் லாஸ் ஏஞ்சலஸில் பேர்பெற்ற மனநல மருத்துவர். ஜீன் பாரி நடித்திருக்கிறார். மனைவி கரோல், நடிப்பு நினா ஃபோக். கணவருக்கு வேறொரு தொடர்பு இருப்பது கரோலுக்குத் தெரிந்துவிடுகிறது. விவாகரத்து வாங்கி, ஊரறிய மானத்தை வாங்கிவிடுவதாக மிரட்டுகிறார். ஃப்ளெமிங் சமாதானம் பேசுகிறார்: மெக்சிகோவில் அகாபுல்கோவுக்கு இரண்டாவது தேனிலவு போகலாம், எல்லாம் சரியாகிவிடும். கரோல் நம்பிவிடுகிறார்.

கிளம்பும் நாளில் வீட்டிலேயே மனைவியின் கழுத்தை நெரிக்கிறார். திருடன் வந்தது போலக் கண்ணாடியை உடைத்து, விலை உயர்ந்த பொருள்கள் சிலவற்றைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். ஜோன் ஹட்சன் அவரிடம் சிகிச்சைக்கு வரும் நடிகை, ரகசியக் காதலியும் அவரே (கேத்தரின் ஜஸ்டிஸ்). கரோலின் உடை, பொய்முடி, கறுப்புக் கண்ணாடியோடு ஜோன் விமான நிலையம் வருகிறார். விமானத்தில் ஏறியதும் ஊழியர்கள் பார்க்க இருவரும் சண்டை போடுகிறார்கள். 'மனைவி' கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார். கணவர் தனியாக மெக்சிகோ போகிறார். தனியாக வீடு திரும்பிய மனைவி திருடனிடம் சிக்கி இறந்தார் என்று உலகம் நம்ப வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

கொலம்போ எப்போது வருகிறார்?

சுமார் அரை மணி நேரம் கழித்து. நாயகனை இவ்வளவு நேரம் காட்டாமல் வைத்திருக்க அன்றைய தொலைக்காட்சியில் பெரிய துணிச்சல் வேண்டும்.

அவருக்கு முதல் சந்தேகம் எங்கே விழுகிறது?

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மொத்த மதிப்பும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

ஃப்ளெமிங் அகாபுல்கோவிலிருந்து திரும்பி, கதவைத் திறந்து வீட்டுக்குள் வருகிறார். உள்ளே கொலம்போ இருப்பது அவருக்குத் தெரியாது. பெட்டியோடு வருகிறார், நடக்கிறார், பார்க்கிறார். வாய் மட்டும் திறக்கவில்லை. ஊரிலிருந்து வந்த கணவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

கொலம்போவுக்கு அது உறுத்துகிறது. கல்யாணமான எந்த ஆணும் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் "நான் வந்துவிட்டேன்" என்றோ, மனைவி பெயரைச் சொல்லியோ ஒரு குரல் கொடுப்பார். சண்டை போட்டுப் போனவராக இருந்தால் இன்னும் நிச்சயமாகக் கொடுப்பார், சமாதானம் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளவாவது. வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தவர்தான் கூப்பிடாமல் வருவார்.

கைரேகை, ரத்தக் கறை எதுவும் இல்லை. கோர்ட்டில் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ளெமிங்கிடம் கேட்டாலும் சட்டென்று ஒரு விளக்கம் வரும், எதைக் கேட்டாலும் வருகிற மாதிரியே. ஆனால் கொலம்போவுக்கு ஆளைக் காட்டிக் கொடுத்தது இதுதான். விமான நேரம், உடை, பொய்முடி, ஊழியர்களின் சாட்சி என்று ஆயிரம் விஷயங்களை யோசித்தவர் தினமும் செய்கிற ஒன்றை யோசிக்கவில்லை. யாரோ ஒரு அந்நியரைக் கொன்றிருந்தால் இந்தத் தவறுக்கே இடமில்லை. கணவன் மனைவிக்குள் நடக்கும் கொலையில் மட்டும்தான் வீட்டுப் பழக்கம் சாட்சி சொல்லும்.

வேறு தடயம் எதுவும் இல்லையா?

உண்டு, பெட்டியின் எடை. திருடன் எடுத்துப் போனதாகக் காட்ட வேண்டிய பொருள்களை ஃப்ளெமிங் தன்னோடு கொண்டுபோய் மெக்சிகோவில் தலைமுழுகிவிடுகிறார். போகும்போது கனமாக இருந்த பெட்டி வரும்போது இலேசாகிவிட்டது. விமான நிறுவனம் இரண்டு முறையும் எடை போட்டு எழுதி வைத்திருக்கிறது. பயணம் போனவர் திரும்பும்போது பெட்டி கனப்பதுதான் வழக்கம் என்பதை கொலம்போ போகிற போக்கில் பிடித்துக்கொள்கிறார்.

நல்ல தடயம்தான். ஆனால் முதலாவதன் பக்கத்தில் வைத்தால் இது வெறும் கணக்கு.

கரோல் உடனே சாகவில்லையே. ஒரு டாக்டருக்கு இது தெரியாதா?

பலரும் கேட்பது, நியாயமான கேள்வி. கழுத்து நெரிபட்டால் நினைவு சில நொடிகளில் தப்பிவிடும், உயிர் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. ஆகவே மனைவி இறந்துவிட்டார் என்று நினைத்து அவர் விட்டுப்போனதும், கரோல் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்ததும் நடக்கக்கூடியவை. மனநல மருத்துவரும் எம்.டி. படித்தவர்தானே, நாடி பார்க்கத் தெரியாதா என்றால், தெரியும். பதற்றம், நேர நெருக்கடி என்று நாமாகச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். எழுத்தாளர்கள் இதைப் பெரிதாக விளக்கவில்லை.

ஆனால் இதனால் கதைக்குக் கிடைத்த லாபம் பெரிது. மெக்சிகோவிலிருந்து வந்தவரிடம் கொலம்போ உங்கள் மனைவி உயிரோடு இருக்கிறார் என்கிறார். உலகத்திலேயே அந்தச் செய்தியைக் கேட்டு நடுங்க வேண்டிய ஒரே ஆள் எதிரே நிற்கிறார், நிம்மதிப் பெருமூச்சு விடுவது போல நடிக்கவும் வேண்டும். ஜீன் பாரி அந்த இடத்தில் முகத்தை அநேகமாக அசைக்காமலே நடித்திருக்கிறார். கடைசியில் கரோல் கணவரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறந்துபோகிறார். பாசத்தில் சொன்னாரா, குற்றம் சாட்டினாரா என்பது கேட்பவரைப் பொறுத்தது.

விவாகரத்து செய்துவிட்டுப் போயிருக்கலாமே, கொலை எதற்கு?

இன்றைய கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கதை நடப்பது 1968-ல். அன்று கலிஃபோர்னியாவில் விவாகரத்து வேண்டுமென்றால் பெரும்பாலும் மற்றவர் மீது குற்றத்தை நிரூபிக்க வேண்டும்: தகாத உறவு, கொடுமை என்று ஏதாவது ஒன்று. தகாத உறவு நிரூபணமானால் தம்பதியின் பொதுச் சொத்தில் பாதிக்கு மேல் குற்றமற்றவருக்குக் கொடுக்கவும் நீதிமன்றத்தால் முடியும். யார் மீதும் பழி போடாமல் 'ஒத்துவரவில்லை' என்று பிரியும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டது 1969-ல், நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1-ல். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் கலிஃபோர்னியாதான்.

ஆக, கரோலின் மிரட்டல் வெறும் வாய்ச்சவடால் இல்லை. திறந்த நீதிமன்றத்தில் ஜோனின் பெயர் வரும், அவர் சிகிச்சைக்கு வந்தவர் என்பதும் வரும். பணமும் போகும், தொழிலும் போகும். ஒளிபரப்பு இரண்டு வருடம் தள்ளிப்போயிருந்தால் இந்தக் கதையின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும்.

ஜோன் ஏன் இதற்கு உடன்படுகிறார்? கொஞ்சம்கூட யோசிக்க மாட்டாரா?

ஜோன் காதலி மட்டுமில்லை, அவருடைய நோயாளி. தன் பயத்தையும் பலவீனத்தையும் வாரம் தவறாமல் ஒருவரிடம் கொட்டிவிட்டு, அவரே உன்னால் முடியும் என்று சொல்லும்போது மறுப்பது எளிதில்லை. ஃப்ளெமிங் காதலனின் குரலில் பாதியும் டாக்டரின் குரலில் பாதியுமாகப் பேசுவதைக் கவனியுங்கள். ஜோன் பதறும்போதெல்லாம் தேற்றுகிறார். அது அன்பா, மருந்துச் சீட்டா என்று சொல்ல முடியாது.

நோயாளியோடு உறவு கூடாது என்பது மருத்துவத்தில் மிகப் பழைய விதி, ஹிப்போகிராட்டஸ் பெயரால் எடுக்கும் உறுதிமொழியிலேயே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் வெளியிட்ட நெறிமுறையில் அதைத் தெளிவாக எழுதியது. கதை அதற்கு ஐந்து வருடம் முந்தியது. இருந்தும் ஃப்ளெமிங்கின் உண்மையான குற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் எழுத்தாளர்களுக்குக் குழப்பமே இல்லை.

அந்த விமானத் தந்திரம் இன்று பலிக்குமா?

பலிக்காது. 1968-ல் பயணச்சீட்டு கையில் இருந்தால் போய் ஏறி உட்காரலாம், முகத்தையும் புகைப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது 1973 ஜனவரியில்தான் கட்டாயமானது, அதுவும் விமானக் கடத்தல்களுக்குப் பயந்து. ஏறிய பயணி கோபித்துக்கொண்டு இறங்கினால் இன்று அவருடைய பெட்டியைத் தேடி எடுத்துக் கீழே இறக்காமல் சர்வதேச விமானம் கிளம்பாது. போதாக்குறைக்கு எங்கும் கேமரா. கறுப்புக் கண்ணாடியும் பொய்முடியும் போட்டு ஒரு மனைவியை உண்டாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்கு மட்டுமே உரியது.

அதற்காகக் கதை பழசாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கொலம்போ பிடிப்பது விமான நிலையத்தில் இல்லையே.

டாக்டரின் அறையில் இருவரும் உட்கார்ந்து பேசும் காட்சியை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

கதையின் நடுவே கொலம்போ ஃப்ளெமிங்கின் மருத்துவ அறைக்கு வருகிறார். அதற்குள் ஃப்ளெமிங் தன் செல்வாக்கைக் காட்டிவிட்டார். பர்ட் கார்டன் என்ற நண்பர் மூலம் மேலிடத்தில் சொல்லி கொலம்போவை வழக்கிலிருந்து விலக்கச் செய்திருக்கிறார். வெற்றி பெற்றவரின் தெம்பில் குடிக்க ஊற்றிக் கொடுக்கிறார். இருவரும் சாவகாசமாக உட்காருகிறார்கள்.

முதலில் டாக்டர் போலீஸை ஆராய்கிறார். நீ அசட்டுத்தனமாக நடந்துகொள்வது வேஷம், உன் தோற்றத்தைப் பார்த்து ஆட்கள் உன்னை லேசாக எடைபோடுவார்கள், அதையே ஆயுதமாக வைத்திருக்கிறாய் என்று புட்டுப் புட்டு வைக்கிறார். கொலம்போ மறுக்கவில்லை. அடுத்து போலீஸ் டாக்டரிடம் கேட்கிறார்: ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், இப்படி ஆற அமரத் திட்டம் போட்டுக் கொலை செய்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார்? ஃப்ளெமிங்கும் ஒரு பேச்சுக்கே பதில் சொல்கிறார், தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்தபடியே. அப்படிப்பட்டவரை உன்னால் பிடிக்க முடியாது என்றும் சொல்கிறார்.

கொலம்போவின் பதில் அழகானது. கொலைகாரருக்கு ஒரே ஒரு வாய்ப்பு, பழகிப் பார்க்க வழியில்லை, எங்களுக்கு இதுவே தினசரித் தொழில் என்ற அர்த்தத்தில் சொல்கிறார். புத்திசாலி டாக்டர் அந்தத் துறையில் கற்றுக்குட்டி. அவர் எதிரே அழுக்குக் கோட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் நிபுணர்.

துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை. 69 கதைகளிலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

கொலம்போ ஜோனிடம் அப்படிக் கத்துகிறாரே, நமக்குத் தெரிந்த கொலம்போ இல்லையே அது?

இல்லைதான். இதில் அவர் தலை படிய வாரியிருக்கும், பேச்சில் ஒரு வெட்டு இருக்கும். பிந்தைய கதைகளில் அவரோடு வரும் பழைய பிரெஞ்சுக் கார் இன்னும் வரவில்லை, நாயும் வரவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொன்று கேட்கிற பழக்கம் மட்டும் இங்கேயே இருக்கிறது. ஃப்ளெமிங்கை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் ஜோனைத் தேடிப் போகிறார். ஸ்டுடியோவில் தனியாகப் பிடித்து, நீதான் பலவீனமான கண்ணி, உடையும் வரை விட மாட்டேன் என்று நேராகவே சொல்கிறார், சத்தம் போட்டே சொல்கிறார். எனக்கு இது கொஞ்சம் சங்கடமாகவே இருக்கிறது. டாக்டர் அந்தப் பெண்ணை ஒரு பக்கம் உபயோகித்தார், போலீஸ் இன்னொரு பக்கம் உபயோகிக்கிறார். பிந்தைய கொலம்போ இதையே ஒரு தயக்கத்தோடும் இருமலோடும் செய்திருப்பார். அடி என்னவோ ஒரே அளவுதான்.

முடிவில் என்ன நடக்கிறது? குளத்தில் கிடந்தது யார்?

ஃப்ளெமிங் ஜோனின் வீட்டுக்கு வருகிறார். நீச்சல் குளத்திலிருந்து போலீஸார் ஒரு பெண்ணின் உடலைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். நெருக்கடி தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார் என்று நினைக்கும்படி இருக்கிறது. கொலம்போ துவண்டு நிற்கிறார். ஒரே சாட்சியும் போய்விட்டது, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஆனால் நேசித்த பெண்ணை இழந்துவிட்டீர்களே என்கிறார்.

ஃப்ளெமிங் சிரிக்காத குறைதான். நேசமா? அவள் தேவைப்பட்டாள், அவ்வளவுதான், எப்படியும் ஒரு நாள் அவளையும் ஒழித்துக்கட்ட வேண்டித்தான் இருந்தது என்ற பொருளில் பேசிவிடுகிறார். சாட்சி இல்லாத இடத்தில் பேசுகிறோம் என்ற தைரியம். ஜோன் உயிரோடு அங்கேயே நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். குளத்திலிருந்து எடுத்தது வேஷம் போட்ட ஒரு பெண் போலீஸை.

கரோலின் உடையும் பொய்முடியும் போட்டால் யாரும் கரோல் என்றே நம்புவார்கள் என்பதுதான் ஃப்ளெமிங்கின் திட்டம். ஒரு பெண்ணின் இடத்தில் இன்னொரு பெண்ணை வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவருக்கு ஜோனின் இடத்தில் வேறொருத்தி கிடப்பது தெரியவில்லை. கிட்டப் போய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. காதலியின் சடலம் என்று நினைத்தும் அருகே போகாதவர், மனைவி இருக்கும் வீடு என்று சொல்லிக்கொண்டும் கூப்பிடாதவர். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே தவறு. கொலம்போ அதைக் கடைசி வரை நம்பி வலை விரித்திருக்கிறார்.

நிஜக் கோர்ட்டில் இது நிற்குமா?

கொலம்போ ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம். பல கதைகளில் நிற்காது என்பதே என் எண்ணம். இதில் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஜோன் குற்றத்துக்குத் துணை போனவர். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 1111-வது பிரிவுப்படி கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, குற்றவாளியைக் குற்றத்தோடு தொடர்புபடுத்தும் வேறு ஆதாரமும் வேண்டும். இங்கேதான் இலேசான பெட்டி உதவுகிறது. எடைக் குறிப்பு இருக்கிறது, விமானப் பணியாளர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஃப்ளெமிங் தன் வாயால் சொன்னது இருக்கிறது, அதை ஒரு போலீஸ் அதிகாரியிடமே சொன்னார்.

பேசாமல் இருக்க உரிமை உண்டு என்ற எச்சரிக்கையை வாசிக்கவில்லையே, அவர் சொன்னது செல்லுமா என்பார்கள். 1966-ல் வந்த மிராண்டா தீர்ப்பு காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அந்த எச்சரிக்கையைக் கேட்கிறது. ஃப்ளெமிங் கைதாகவில்லை, தானாக வந்து தானாகப் பேசினார். போலீஸ் நாடகம் போட்டு ஏமாற்றலாமா என்றால், கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டதாகப் போலீஸ் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-ல் ஏற்றிருக்கிறது. கெட்டிக்கார வக்கீல் வைத்தால் ஃப்ளெமிங் இழுத்தடிப்பார், தப்பிப்பது கஷ்டம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்களான ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் எழுதியது. முதலில் சிறுகதை. 1960-ல் அது நேரலைத் தொலைக்காட்சி நாடகமானது, கொலம்போ என்ற பெயர் அதில்தான் பிறந்தது, நடித்தவர் பெர்ட் ஃப்ரீட். 1962-ல் மேடை நாடகமாக்கினார்கள். ஜோசப் காட்டன் டாக்டர், ஆக்னஸ் மூர்ஹெட் மனைவி, தாமஸ் மிட்செல் கொலம்போ. டாக்டர்தான் மையப் பாத்திரம் என்று எண்ணி எழுதியது. மேடையேறியதும் ஜனங்கள் மனதில் நின்றவர் கொலம்போ. மிட்செல் அந்த ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார், நாடகம் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயை எட்டவே இல்லை.

1968 படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் இர்விங். கொலம்போவாக நடிக்க பாடகர் பிங் கிராஸ்பியையும் கேட்டுப் பார்த்தார்கள். பீட்டர் ஃபாக்குக்கு அப்போது வயது 40, இவ்வளவு இளைஞர் வேண்டாம் என்று எழுத்தாளர்கள் தயங்கியிருக்கிறார்கள். இப்போது வேறொருவரை அந்தக் கோட்டில் கற்பனை செய்யவே முடியவில்லை.

கணவன் மனைவி கொலையை வைத்து இந்தத் தொடரில் வேறென்ன பார்க்கலாம்?

மூன்றைச் சொல்கிறேன்.

'ரான்சம் ஃபார் எ டெட் மேன்' (1971 மார்ச் 1). இதில் கொல்பவர் மனைவி, வக்கீல், நடித்தவர் லீ கிராண்ட். கணவரைக் கடத்திவிட்டார்கள் என்று நாடகமாடிப் பிணைத்தொகையைத் தானே சுருட்டுகிறார். கணவரின் மகளைப் பணம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்து, அந்தப் பணத்தையே எடுத்து நீட்டி மாட்டிக்கொள்கிறார். எல்லோருக்கும் ஒரு விலை உண்டு என்ற அவருடைய நம்பிக்கைதான் வலை.

'நெகடிவ் ரியாக்ஷன்' (1974). டிக் வான் டைக் புகைப்படக்காரர், மனைவியைக் கொன்றுவிட்டுக் கடத்தல் என்கிறார். அலமாரியில் வரிசையாகக் கேமராக்கள் இருக்க, கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்த கேமராவைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். முடிவு என்ற அளவில் இதுதான் தொடரிலேயே கச்சிதம் என்பேன்.

'ஃபர்காட்டன் லேடி' (1975). ஜேனட் லீ, பழைய நட்சத்திரமாக. கணவரைக் கொன்றதையே மறந்துவிடும் மூளை நோய் அவருக்கு. கொலம்போ அவரைக் கைது செய்யாமல் விடுகிறார். மற்ற கதைகளைப் பார்த்துப் பழகியபின் பாருங்கள், அப்போதுதான் அது எவ்வளவு பெரிய விலகல் என்று புரியும்.

மனைவி கொலையானால் கணவரைத்தானே எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள்? ஃப்ளெமிங்குக்கு இது தெரியாதா?

தெரிந்ததால்தானே அவ்வளவு பெரிய விமான நாடகம். போலீஸ் முதலில் வீட்டுக்குள் பார்ப்பதற்குக் காரணமும் உண்டு. ஐ.நா. கணக்குப்படி 2022-ல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட சுமார் 89,000 பெண்கள், சிறுமிகளில் 55 சதவீதம் பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தினரோதான். சினிமாவில் வருவது போல அவற்றில் பொய்முடியோ அகாபுல்கோவோ இருப்பதில்லை.

தொடரை வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. ஆனால் முதல் மூன்றை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: இது, அப்புறம் 'ரான்சம்', அப்புறம் 1971 செப்டம்பரில் வாரத்தொடர் தொடங்கியபோது வந்த 'மர்டர் பை தி புக்'. மூன்றாவதை இயக்கியவர் 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். முதல் கதையில் டாக்டருக்குச் சமமாக நிமிர்ந்து உட்கார்ந்த கொலம்போ, மூன்றாவதற்குள் எங்கே உட்காருவது என்றே தெரியாதவர் போல ஆகியிருப்பார்.